டிங்... டிங்... டிங்! இதில் எது முக்கியமான மணி?

தஞ்சாவூரில் ஒரு வீடு. ஓய்வுபெற்ற ஆசிரியரும் அவர் மனைவியும் என இரண்டே பேர். சென்னையில் வேலை பார்க்கும் மகள், மே மாத லீவுக்கு நான்கு நாள் வந்திருந்தாள். காலைக் காபியோடு அப்பாவின் பாஸ்புக்கைப் புரட்டிக்கொண்டிருந்தவளின் விரல் ஒரு வரியில் நின்றது.

“அப்பா, இந்த 1,499 ரூபா எதுக்குப் போயிருக்கு?”

“எந்த 1,499?”

“போன மாசம் பன்னெண்டாம் தேதி. ஏதோ ஆப் சந்தா மாதிரி இருக்கு.”

அப்பாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அடுப்படியிலிருந்து அம்மா குரல் கொடுத்தார். “பழைய படமெல்லாம் இருக்கு, ஒரு மாசம் ஃப்ரீன்னு கார்டு நம்பரைப் போட்டீங்களே... அதுவா இருக்கும்.”

அதேதான். ஒரு மாதம் இலவசம். அது முடிந்ததும் ஒரு வருடச் சந்தா தானாகவே கழிந்திருந்தது. இரண்டு படம் பார்த்ததோடு அந்த ஆப்பை அவர் மறந்தும் போயிருந்தார்.

“எடுக்கறதுக்கு முன்னாடி பேங்க்லேர்ந்து மெசேஜ் வந்திருக்குமேப்பா?”

“எனக்கு எதுவும் வரலம்மா.”

வந்திருந்தது. மகள் போனை வாங்கித் தேடினாள். ‘நாளை உங்கள் கணக்கிலிருந்து 1,499 ரூபாய் கழிக்கப்படும், வேண்டாமென்றால் ரத்து செய்யலாம்’ என்ற எஸ்.எம்.எஸ். பதினோராம் தேதி காலையிலேயே வந்து உட்கார்ந்திருந்தது. அதற்கு மேலே ஒரு பெர்சனல் லோன் விளம்பரம். கீழே ஒரு நகைக்கடையின் செய்கூலிச் சலுகை. அதற்கும் கீழே ரீசார்ஜ் ஞாபகமூட்டல்கள், ஒன்றல்ல, ஆறு. போனோ மூன்று மாதமாக சைலன்ட்டில் கிடந்திருக்கிறது.

“எப்பப் பாத்தாலும் டிங் டிங்னு அடிச்சிக்கிட்டே இருந்துச்சு. மத்தியானம் கண்ணை மூட முடியல. அதான் மொத்தமா அமுக்கிட்டேன்” என்றார் அப்பா. “வாட்ஸ்அப்பை அப்பப்போ எடுத்துப் பாத்துப்பேன். எஸ்.எம்.எஸ்.ல எல்லாம் இப்ப யாரும்மா அனுப்பறாங்க?”

வங்கி தன் கடமையைச் செய்துவிட்டது. கார்டிலிருந்து இப்படித் தானாகக் கழியும் சந்தாக்களுக்கு ரிசர்வ் வங்கியின் விதி ஒன்று உண்டு: பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே வாடிக்கையாளருக்குத் தகவல் போக வேண்டும், அதை நிறுத்தும் வழியும் அவருக்குத் தரப்பட வேண்டும். 15,000 ரூபாய் வரையிலான சந்தாக்களுக்கு ஒவ்வொரு முறையும் ஓ.டி.பி. கேட்க மாட்டார்கள். ஆக, அந்த ஒரு எஸ்.எம்.எஸ்.தான் கடைசிக் கதவு. அது தட்டியபோது ஆசிரியரின் காது அடைத்துக் கிடந்தது.

1,499 ரூபாய் போனால் போகிறது என்று விடலாம். இன்னொரு விதி இருக்கிறது. அது இன்னும் கறாரானது. கணக்கிலிருந்து யாரோ ஒருவர் ஆன்லைனில் பணத்தை உருவிவிட்டால் என்ன ஆகும்? 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி விடுத்த சுற்றறிக்கை இதைப் பற்றிப் பேசுகிறது. தவறு வாடிக்கையாளர் மீதும் இல்லை, வங்கி மீதும் இல்லை, வெளியாள் வேலை என்றால், வங்கியின் தகவல் கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் சொல்லிவிட்டவருக்கு இழப்பு எதுவும் கிடையாது. 4 முதல் 7 நாட்களுக்குள் சொன்னால் ஓர் எல்லை வரை அவரும் நஷ்டத்தைச் சுமக்க வேண்டும். அதற்கும் மேல் தாமதித்தால் வங்கியின் கொள்கைப்படிதான். நாள் எண்ணத் தொடங்குவது எப்போதிருந்து? வங்கியின் தகவல் வந்ததிலிருந்து. அந்தத் தகவல் லோன் விளம்பரத்துக்கும் நகைக்கடைக்கும் நடுவில் கிடந்தால், கடிகாரம் ஓடிக்கொண்டிருப்பதே தெரியாது.

தந்தியும் டிங்கும்

ஒரு காலத்தில் வாசலில் “சார், தந்தி!” என்று குரல் கேட்டால் தெருவே எட்டிப் பார்க்கும். பிரித்துப் படிப்பதற்குள் வீட்டில் யாராவது அழ ஆரம்பித்துவிடுவார்கள். உள்ளே வேலைக்கான உத்தரவோ, பிள்ளை பிறந்த சேதியோ இருக்கும். ஆனாலும் அழுகை முந்திக்கொள்ளும். அனுப்புபவர் வார்த்தைக்கு வார்த்தை காசு எண்ணிக் கொடுத்து அனுப்பிய சேதி அது. அதனால் வருவது எப்போதோ ஒன்று; வந்தால் அது முக்கியம்.

இந்தியாவில் தந்தி சேவை 2013 ஜூலையில் நின்றது. அதற்கு நான்கு வருடம் முன்பே, 2009 ஜூனில், ஆப்பிள் நிறுவனம் ஐபோனில் புஷ் நோட்டிஃபிகேஷன் வசதியைக் கொண்டுவந்துவிட்டது. அடுத்த வருடமே கூகுளும் ஆண்ட்ராய்டில் கொண்டுவந்தது. ஆப்பிள் அப்போது சொன்ன காரணம் பேட்டரி. ஒவ்வொரு ஆப்பும் பின்னணியில் விழித்துக்கொண்டே இருந்தால் சார்ஜ் தீர்ந்துவிடும். ஆப் தூங்கட்டும், புதிதாக ஏதாவது வந்தால் மட்டும் சர்வரிலிருந்து தட்டி எழுப்பிக்கொள்ளலாம் என்பது யோசனை. நல்ல யோசனைதான். பேட்டரியும் மிச்சமானது. ஆனால் தட்டுவதற்குக் காசு இல்லை என்று ஆகிவிட்டதே! பத்து பேரைத் தட்டினாலும் பத்து லட்சம் பேரைத் தட்டினாலும் அனுப்புபவருக்குச் செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. செலவு முழுக்க வாங்குபவர் பக்கம்.

அந்தச் செலவை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். ஃப்ளோரிடா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-ல் வெளியிட்ட ஆய்வில், கவனம் தேவைப்படும் ஒரு வேலையைச் செய்துகொண்டிருந்தவர்களின் போனுக்கு நோட்டிஃபிகேஷன் அனுப்பினார்கள். போனை எடுத்துப் பார்க்காதவர்கள்கூட அந்த வேலையில் தடுமாறினார்கள். சத்தம் கேட்டதே போதும், மனசு அந்தப் பக்கம் போய்விடுகிறது. பாலை அடுப்பில் வைத்துவிட்டு நிற்கிறவர்களுக்கு இதை ஆய்வு செய்து சொல்ல வேண்டியதில்லை.

ஆஸ்பத்திரியில் நடந்தது

மணி அதிகமானால் காது மரத்துப்போகும் என்பதற்கு மிகக் கொடுமையான சாட்சி, ஆஸ்பத்திரி. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் போனவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு கட்டிலைச் சுற்றியும் நாலைந்து மெஷின். எல்லாமே கூவும். விரலில் மாட்டிய கிளிப் நழுவினால் கூவும். நோயாளி இருமினால் கூவும். சலைன் தீரப்போனால் கூவும். நிஜமாகவே இதயம் தடுமாறினாலும் அதே மாதிரி கூவும்.

அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் ‘ஜாயின்ட் கமிஷன்’ என்ற அமைப்பு, 2013 ஏப்ரலில் இதைப் பற்றி ஓர் எச்சரிக்கை விடுத்தது. 2009 ஜனவரி முதல் 2012 ஜூன் வரை அலாரம் தொடர்பாகத் தங்களுக்கு வந்த புகார்கள் 98 என்றும், அவற்றில் 80 பேர் இறந்துவிட்டார்கள் என்றும் அதில் இருந்தது. அதே எச்சரிக்கையில் இன்னொரு கணக்கும் இருந்தது. அலாரங்களில் 85 முதல் 99 சதவீதம் வரை, யாரும் எழுந்து வந்து எதுவும் செய்யத் தேவையில்லாதவை. அப்படியென்றால் நர்ஸ் எழுந்து போய்ப் பார்க்கிற பத்தில் எட்டரையாவது வெறும் நடை. சில நாளில் காது தானாகவே அவற்றை ஒதுக்கக் கற்றுக்கொள்ளும். சிலர் சத்தத்தைக் குறைத்து வைப்பார்கள், சிலர் அணைத்தே விடுவார்கள். அலட்சியம் என்று சொல்லிவிட முடியாது. மனிதக் காது அப்படித்தான் படைக்கப்பட்டிருக்கிறது. இதற்கு மருத்துவ உலகம் ‘அலாரச் சோர்வு’ என்று பெயரே வைத்திருக்கிறது. ‘புலி வருது, புலி வருது’ கதையில் பொய் சொன்னவன் ஒரு பையன். இங்கே பொய் சொன்னது மெஷின். அதுவும் கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல்.

பாஸ்டன் மெடிக்கல் சென்டரின் இதயப் பிரிவு ஒன்றில் இதைச் சரிசெய்ய உட்கார்ந்தார்கள். எந்த அலாரம் அடித்தால் நர்ஸ் கட்டாயம் எழுந்து போக வேண்டும், எது அடித்துவிட்டுத் தானே அடங்கிவிடுகிறது என்று பிரித்தார்கள். தானே அடங்குகிற ‘எச்சரிக்கை’ ரகத்தின் சத்தத்தை எடுத்துவிட்டார்கள். இதயத்துடிப்புக்கான எல்லையை 45, 130 என்று கொஞ்சம் அகலமாக்கினார்கள். சின்னச் சின்ன ஏற்ற இறக்கத்துக்கெல்லாம் மெஷின் அலறாது. உண்மையான ஆபத்துக்கான அலாரத்தையோ, ஆள் வந்து பார்த்தால் ஒழிய நிற்காத ரகமாக உயர்த்தினார்கள். வாரத்துக்கு 87,823 முறை ஒலித்துக்கொண்டிருந்த அந்தப் பிரிவில் எண்ணிக்கை 9,967 ஆகக் குறைந்தது. 89 சதவீதம் சத்தம் காணாமல் போனது.

அவர்கள் மெஷினை அணைக்கவில்லை. தஞ்சாவூர் ஆசிரியர் அணைத்தார். வித்தியாசம் அவ்வளவுதான்.

“தள்ளாதீங்கப்பா, அழுத்திப் பிடிங்க”

மறுநாள் மத்தியானம் மகள் அப்பாவின் போனோடு ஊஞ்சலில் உட்கார்ந்தாள். முதல் வேலையாக சைலன்ட்டை எடுத்தாள். கால் மணி நேரம் எதையும் தொடாமல் வந்ததையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். பலகாரக் கடை ஆஃபர், பேரனுக்காக எப்போதோ போட்டுக் கொடுத்த விளையாட்டு, ‘உங்கள் போனில் வைரஸ் இருக்கிறது’ என்று ஒரு மிரட்டல், ஜோசிய வீடியோ, குரூப்பில் ரோஜாப்பூவோடு ஒரு காலை வணக்கம். மணி அப்போது இரண்டேகால்.

அப்பாவின் விரல் பழக்கதோஷத்தில் அதைப் பக்கவாட்டில் தள்ளப் போனது.

“தள்ளாதீங்கப்பா. தள்ளினா இது போகும், நாளைக்கு இன்னொண்ணு வரும். வந்ததை அப்படியே அழுத்திப் பிடிங்க.”

ஆண்ட்ராய்டு போனில் இதுதான் சூட்சுமம். நோட்டிஃபிகேஷனை விரலால் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால், எந்த ஆப் அனுப்பியது, அந்த ஆப்பில் எந்த வகை என்று காட்டும். ‘சைலன்ட்’ ஆக்கலாம், மொத்தமாக அணைக்கவும் செய்யலாம். 2017-ல் வந்த ஆண்ட்ராய்டு 8 முதல், ஆப் தயாரிப்பவர்கள் நோட்டிஃபிகேஷன்களை வகை வகையாகப் பிரித்துத் தர வேண்டும். சாப்பாடு கொண்டுவரும் ஆப் என்றால் ‘ஆர்டர் நிலவரம்’ ஒரு வகை, ‘ஆஃபர்கள்’ இன்னொரு வகை. ஆஃபரை மட்டும் அணைத்துவிட்டு, பையன் வாசலில் நிற்கிறான் என்ற தகவலை வைத்துக்கொள்ளலாம். போன் கம்பெனியைப் பொறுத்துப் பெயர்கள் கொஞ்சம் மாறும், வழி ஒன்றுதான். சில ஆப்கள் எல்லாவற்றையும் ஒரே வகையில் போட்டு அடைத்துக் குழப்பும். அப்படிப்பட்ட ஆப் போனில் இருந்துதான் ஆக வேண்டுமா என்று யோசிக்கலாம்.

“இவ்வளவு ஆப்புக்கும் யாருப்பா பர்மிஷன் கொடுத்தது?”

“கேக்கறாங்களேன்னு அலவ் கொடுத்துட்டேன்மா.”

2022-ல் வந்த ஆண்ட்ராய்டு 13 முதல், புதிதாக ஏற்றும் எந்த ஆப்பும் நோட்டிஃபிகேஷன் அனுப்ப முதலில் அனுமதி கேட்டாக வேண்டும். ஐபோனில் இது முன்பிருந்தே உண்டு. கேட்கும்போது ‘வேண்டாம்’ என்று சொன்னாலும் ஆப் வேலை செய்யும். மறுத்தால் ஆப் கோபித்துக்கொள்ளும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், பெரியவர்கள் குறிப்பாக. திரும்பத் திரும்பக் கேட்டு நச்சரிப்பதும் வாடிக்கைதான். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு விதிகள், வாடிக்கையாளரை ஏமாற்றும் 13 தந்திரங்களைப் பட்டியலிட்டன. அந்தப் பதின்மூன்றில் இந்த நச்சரிப்பும் ஒன்று. ‘வேண்டாம்’ என்ற பொத்தானே வைக்காமல் நோட்டிஃபிகேஷனை ஆன் செய்யச் சொல்வது அதற்கு உதாரணமாகவே தரப்பட்டிருக்கிறது.

வைரஸ் மிரட்டலின் கதை வேறு. அது எந்த ஆப்பிலிருந்தும் வரவில்லை. குரோம் பிரவுசரிலிருந்து வந்தது. அப்பா எப்போதோ ஒரு வெப்சைட்டுக்குப் போனபோது, ‘நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபிக்க அலவ் அழுத்துங்கள்’ என்று கேட்டிருக்கிறது. ரோபோ இல்லையே, அழுத்திவிட்டார். உண்மையில் அவர் கொடுத்தது, அந்த வெப்சைட் எப்போது வேண்டுமானாலும் போனைத் தட்டலாம் என்ற அனுமதி. இப்படி வரும் வைரஸ் எச்சரிக்கையைத் தொட்டால் ஏதாவது ஒரு ஆப்பை இறக்கச் சொல்லும், அல்லது ஒரு நம்பருக்குப் பேசச் சொல்லும். அங்கேதான் ஆபத்து. குரோமின் செட்டிங்ஸில் ‘சைட் செட்டிங்ஸ்’, அதற்குள் ‘நோட்டிஃபிகேஷன்ஸ்’ என்று போனால் அனுமதி வாங்கிய வெப்சைட்டுகளின் பட்டியல் இருக்கும். ஒவ்வொன்றாகத் தடுக்கலாம். அப்பாவின் பட்டியலில் இருபத்திரண்டு. ஒன்றின் பெயரைக்கூட அவருக்கு வாசிக்க வரவில்லை. கூகுளே 2025 அக்டோபரில் ஒரு கணக்குச் சொன்னது: குரோம் வழியாக வரும் நோட்டிஃபிகேஷன்களில் ஒரு சதவீதத்துக்கும் குறைவானவற்றைத்தான் மக்கள் தொட்டே பார்க்கிறார்கள். யாரும் கண்டுகொள்ளாத வெப்சைட்டுகளின் அனுமதியை குரோமே தானாக எடுத்துவிடும் என்றும் அப்போது அறிவித்தார்கள்.

எஸ்.எம்.எஸ். தனி ராஜ்யம். இங்கே டிராய் விதி உதவுகிறது. கம்பெனிகளிலிருந்து வரும் எஸ்.எம்.எஸ்.ஸில் அனுப்புபவர் பெயருக்குக் கடைசியில் இப்போது ஓர் ஆங்கில எழுத்து ஒட்டியிருக்கும். ‘பி’ என்றால் விளம்பரம். ‘எஸ்’ என்றால் சேவைத் தகவல். ‘டி’ என்றால் பணப் பரிவர்த்தனை. ‘ஜி’ என்றால் அரசாங்கம். 2025 பிப்ரவரியில் திருத்தப்பட்ட விதிகளில் வந்த ஏற்பாடு இது. திறக்காமலேயே கடைசி எழுத்தைப் பார்த்தால் பாதி வேலை முடிந்தது. 1909 என்ற எண்ணில் பதிவு செய்து விளம்பர எஸ்.எம்.எஸ்.களை அடியோடு நிறுத்தவும் செய்யலாம். அதனால் வங்கித் தகவலும் ஓ.டி.பி.யும் நிற்காது. பதிவு செய்த பிறகும் விளம்பரம் வந்தால், 7 நாட்களுக்குள் அதே 1909-ல் புகார் கொடுக்கலாம்.

இதெல்லாம் முடிய ஒன்றரை மணி நேரம் ஆனது. நடுவில் ஒரு தரம் காபி.

மொத்தமாக அமுக்கிவைத்தாலே நிம்மதிதானே, எதற்கு இவ்வளவு பாடு என்று தோன்றலாம். 2019-ல் வெளியான ஓர் ஆய்வு இதைத்தான் கேட்டது. 237 பேரை எடுத்துக்கொண்டு இரண்டு வாரம் பார்த்தார்கள். சிலருக்கு நோட்டிஃபிகேஷன் வழக்கம்போல வந்தது. சிலருக்கு நாளுக்கு மூன்று முறை மட்டும் மொத்தமாக வந்தது. சிலருக்கு வரவே இல்லை. மூன்று முறை வாங்கியவர்கள்தான் நிம்மதியாக இருந்தார்கள். மனசு லேசாக இருந்தது, வேலையும் ஓடியது. ஒன்றுமே வராதவர்களுக்குப் பதற்றம் கூடியது, எதையோ விட்டுவிட்டோமோ என்று. ஆசிரியரும் அப்படித்தான் இருந்திருக்கிறார். போனை சைலன்ட்டில் போட்டுவிட்டு, பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் எடுத்து எடுத்துப் பார்த்திருக்கிறார், வாட்ஸ்அப்பை மட்டும். ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு, குறித்த நேரத்தில் மொத்தமாகச் சேர்த்துத் தரும் வசதி 2021 முதலே இருக்கிறது.

ராத்திரிக்கு மட்டும் ‘டு நாட் டிஸ்டர்ப்’ போட்டாள் மகள். அதில் அப்பா, அம்மா வயதுக்காரர்களுக்கு ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. குறிப்பிட்ட ஆட்களின் அழைப்பு மட்டும் ஒலிக்கும்படி வைக்கலாம். யாராக இருந்தாலும், 15 நிமிடத்துக்குள் இரண்டாவது முறை அழைத்தால் மணி அடிக்கும்படியும் வைக்கலாம். நடுராத்திரியில் இரண்டு முறை அழைப்பவர் லோன் விற்க அழைக்க மாட்டார்.

அம்மாவின் வடாம்

சாயங்காலம் அம்மா தன் போனையும் கொண்டுவந்து நீட்டினார். “எனக்கும் சரி பண்ணிக் குடு.”

அங்கே வேறொரு பிரச்னை. அம்மா வாங்குபவர் மட்டுமல்ல, அனுப்புபவரும்கூட. ஆறு வருடமாக வத்தல், வடாம், சாம்பார்ப் பொடி போட்டு விற்கிறார். ஃபேஸ்புக்கில் ஒரு பக்கம், இன்ஸ்டாகிராமில் ஒரு கணக்கு, வாட்ஸ்அப்பில் ஒரு பிராட்காஸ்ட் லிஸ்ட், தெருக்காரர்கள் குரூப், பழைய மாணவர்களின் அம்மாக்கள் குரூப். இன்ஸ்டாகிராமில் போட்டால் ஃபேஸ்புக்கிலும் தானாக விழும்படி பக்கத்து வீட்டுப் பையன் செய்து கொடுத்திருந்தான். மொட்டை மாடியில் வடாம் பிழியும்போது ஒரு போட்டோ, காயும்போது ஒன்று, எடுக்கும்போது ஒன்று, டப்பாவில் போட்டதும் ஒன்று. ஒரே வாடிக்கையாளருக்கு ஒரே ஜவ்வரிசி வடாம் ஒரே நாளில் பத்துப் பன்னிரண்டு தரம்.

“ஆர்டர் முன்ன மாதிரி வரதில்லடி. பாக்கறாங்களான்னே தெரியல.”

மகள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தன் போனை எடுத்துக் காட்டினாள். அம்மாவின் பெயருக்குப் பக்கத்தில், குறுக்குக்கோடு போட்ட மணி.

“நீயுமா?”

“ஆபீஸ்ல மீட்டிங் நடுவுல அடிச்சிக்கிட்டே இருந்துச்சும்மா.”

அம்மாவின் முகம் வாடிப்போனது உண்மை. “நாலு தடவை சொன்னாத்தானே ஒரு தடவையாவது பாப்பாங்க?” என்றார்.

வாட்ஸ்அப்பில் ஒருவரை 8 மணி நேரமோ ஒரு வாரமோ எப்போதைக்குமாகவோ மியூட் செய்யலாம். மியூட் செய்யப்பட்டவருக்கு அது தெரியாது. இதுதான் அனுப்புபவரின் சோகம். நேரில் பேசும்போது எதிராளி கொட்டாவி விட்டால் தெரிந்துவிடும், பேச்சைக் குறைத்துக்கொள்ளலாம். போனில் கொட்டாவி கேட்காது. ஆளில்லாத அறையில் மைக் பிடித்துப் பேசுவது போல மாதக்கணக்கில் பேசிக்கொண்டிருக்கலாம். வடாமுக்கு இருக்கும் இந்தக் கதிதான் பள்ளிக்கூடக் குரூப்புக்கும், அபார்ட்மென்ட் குரூப்புக்கும். ‘நாளை காலை 6 மணிக்குத் தண்ணீர் வராது’ என்ற செயலாளரின் தகவலை, முந்தைய முப்பது காலை வணக்கங்கள் சேர்ந்து புதைத்துவிடும். குரூப் செட்டிங்ஸில் ‘அட்மின் மட்டும் அனுப்பலாம்’ என்று ஒரு வசதி 2018-லிருந்தே இருக்கிறது. அரட்டைக்கு ஒரு குரூப், அறிவிப்புக்கு ஒரு குரூப் என்று பிரித்த அபார்ட்மென்ட்களில் சண்டையும் கொஞ்சம் குறைந்திருக்கும்.

யூடியூப் இதில் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ‘எல்லாம் வேண்டும்’ என்று மணியை அழுத்திய சந்தாதாரருக்குக்கூட, ஒரு சேனலிலிருந்து 24 மணி நேரத்தில் அதிகபட்சம் 3 புது வீடியோ நோட்டிஃபிகேஷன்தான் அனுப்பும். பார்ப்பவர் நேரத்தில் பிழைக்கிற கம்பெனி அது. அதுவே மூன்றோடு நிறுத்திக்கொள்கிறது.

அன்று ராத்திரி அம்மாவும் மகளும் உட்கார்ந்து பேசினார்கள். கொஞ்சம் வாக்குவாதம் என்றும் சொல்லலாம். மாடி போட்டோக்களை நிறுத்த அம்மா முதலில் சம்மதிக்கவில்லை. அது அவருக்கு விளம்பரம் மட்டுமில்லை; காலையில் எழுந்து பிழிந்ததை நாலு பேர் பார்க்க வேண்டும் என்ற ஆசையும் இருக்கிறது. கடைசியில் அவை ஸ்டேட்டஸுக்குப் போயின. ஸ்டேட்டஸ் யாரையும் தட்டாது, பார்க்க விரும்புகிறவர் வந்து பார்த்துக்கொள்வார். ஃபேஸ்புக்குக்குத் தானாகப் போவது நின்றது. இரண்டு குரூப்பிலும் இருப்பவர்களில் பாதிப் பேர் பிராட்காஸ்ட் லிஸ்ட்டிலும் இருந்தார்கள். அவர்கள் பெயரை லிஸ்ட்டிலிருந்து எடுத்தார்கள். பிராட்காஸ்ட்டில் இன்னொரு விஷயமும் அப்போதுதான் அம்மாவுக்குத் தெரிந்தது. அம்மாவின் நம்பரைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். அவ்வளவு நாள் அனுப்பியதில் எத்தனை பேரைத் தொட்டதோ!

லிஸ்ட்டுக்கு வாரம் ஒரே மெசேஜ். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு. என்ன இருக்கிறது, என்ன விலை, எத்தனை டப்பா மிச்சம், யாரிடம் சொல்ல வேண்டும். போட்டோ ஒன்று. காலை வணக்கம் கிடையாது.

“ஒண்ணே ஒண்ணா?” என்றார் அம்மா, நம்பிக்கை இல்லாமல்.

“ஒண்ணே ஒண்ணு.”

அப்பா பக்கத்து அறையிலிருந்து வந்தார், கையில் போன். “ஏம்மா, மத்தியானத்துலேர்ந்து இது ரெண்டு தடவைதான் அடிச்சிருக்கு. ரிப்பேர் ஒண்ணும் இல்லையே?”

அடித்த இரண்டில் ஒன்று கரண்ட் பில். இன்னொன்று, பென்ஷன் வந்து சேர்ந்ததற்கான வங்கித் தகவல்.

வெள்ளிக்கிழமை மகள் சென்னை பஸ்ஸில் இருந்தாள். விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டியபோது போன் ஒரு முறை அடித்தது. ஜவ்வரிசி வடாம் பதினாலு டப்பா, வெங்காய வடாம் ஆறு, சாம்பார்ப் பொடி அரைக் கிலோ கட்டு ஒன்பது. மணி சரியாகப் பத்து. ‘எனக்கு வெங்காய வடாம் ரெண்டு எடுத்து வைம்மா’ என்று பதில் போட்டாள். பத்து நிமிடம் கழித்து அம்மா எழுதியிருந்தார்: ‘வெங்காயம் தீந்து போச்சுடி. முன்னாடியே சொல்றதுக்கென்ன?’